இரக்கக் கச்சேரி

போரில் சிக்கிய ஜனங்களுக்காகப் பணம் சேர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. பணம் சேர்ப்பதற்கென்று நம் கவிஞர்கள் எழுதுவதை எதிர்க்கிறேன். இரண்டையும் ஒன்றாகவே பார்த்துப் பழகிவிட்டதால், இரண்டாவதைப் பற்றி வாய் திறப்பவன் முதலாவதற்கே விரோதி என்று முத்திரை குத்தப்படுகிறான். முத்திரையை வாங்கிக்கொண்டே எழுதுகிறேன். இந்தப் பத்திரிகையைப் படிக்கும் சில நூறு பேருக்குள் ஒருவருக்கொருவர் ஒளிந்து பேச என்ன இருக்கிறது?

இந்த மாலைகளின் ஸ்வரூபம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். எங்கோ குண்டு விழுகிறது. பத்து நாளைக்குள் இங்கே ஒரு மண்டபம் பிடிக்கப்படுகிறது. மேடையில் பேனர், பேனரில் ஒரு குழந்தையின் முகம், ஆளுயரத்துக்கு. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, பொன்னாடை. பன்னிரண்டு கவிஞர்கள். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று சொல்லப்படும். எவரும் பதினைந்துக்குக் குறைந்து இறங்குவதில்லை. கைதட்டலுக்கு இடம் விட்டு ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசிப்பார்கள். பால் புட்டியில் இரத்தம் இருக்கும். தாயின் மார்பில் தோட்டா இருக்கும். வானத்தில் கழுகு இருக்கும். கடைசி வரியில் விடியல் இருக்கும். இந்த நான்கு சாமான்களையும் வைத்துக்கொண்டு எந்த நாட்டுப் போருக்கும் சமைத்துவிடலாம். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும். வியட்நாமுக்கு எழுதியது ஈராக்குக்கு ஆகிறது. ஈராக்குக்கு எழுதியது காஸாவுக்கு ஆகிறது. ஒரு ஊரில் செத்தவனுக்கும் இன்னொரு ஊரில் செத்தவனுக்கும் வித்தியாசமே இல்லாமல் செய்துவிடுவதைத்தான் இவர்கள் மானுடம் என்கிறார்கள். வாசிப்பு முடிந்ததும் உண்டியல் வரிசை வரிசையாக வரும்.

இதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். கவிதை மட்டமாக இருந்தால் என்ன, காசு வருகிறதல்லவா என்று சொல்பவர்கள் நம் நண்பர்களிலேயே உண்டு. கவிதை மட்டம் என்பதல்ல என் முதல் புகார். மட்டமான கவிதை தமிழில் எல்லா நாளும் எழுதப்படுகிறது; அதற்குப் போர் வேண்டியதில்லை. அந்தக் கவிதை கேட்பவனுக்குள் செய்கிற காரியத்தைப் பற்றியது என் புகார். மண்டபத்துக்கு வரும்போது அவனிடம் ஒரு தொந்தரவு இருந்தது. செய்தியில் பார்த்த ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. அது என்னவென்று அவனுக்கே தெளிவில்லை. பயமாக இருக்கலாம், வெட்கமாக இருக்கலாம், தன் அரசாங்கம் யாரோடு கைகுலுக்குகிறது என்ற சந்தேகமாகக்கூட இருக்கலாம். கவிஞர் வந்து, பெயரில்லாத அந்த உறுத்தலுக்கு இரக்கம் என்று பெயர் வைத்துக் கொடுத்துவிடுகிறார். இரக்கம் கௌரவமான பெயர். அதை வைத்திருப்பதில் யாருக்கும் கூச்சமில்லை. கேட்பவன் கண் கலங்குகிறான். கலங்கியதில் தன்னைப் பற்றி அவனுக்கு ஒரு திருப்தி. நூறு ரூபாயைப் போட்டுவிட்டு வெளியே வந்து காப்பி குடிக்கிறான். வரும்போது இருந்த உறுத்தல் இப்போது இல்லை. அவன் கையில் இருந்த ஒரே உண்மையான விஷயத்தைப் பிடுங்கிக்கொண்டு, அதற்கு அவனிடமே நூறு ரூபாயும் வாங்கிவிட்டோம்.

இதே கூட்டங்களில் இன்னொரு விசித்திரமும் நடக்கிறது. கவிதையில் எல்லாம் திட்டவட்டம். எங்கே அழ வேண்டும், எங்கே கைதட்ட வேண்டும் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. கணக்கில் எல்லாம் பூடகம். எவ்வளவு வந்தது, மண்டபத்துக்கும் மைக்குக்கும் எவ்வளவு போயிற்று, மீதி யார் கைக்கு, எந்த வழியாக, என்ன வாங்க? கேட்டால் ஒரு புன்னகை, ஒரு மௌனம், நல்ல படிமத்துக்கு உண்டான பல அர்த்தச் சாத்தியங்கள். நான் இருந்த ஒரு கூட்டத்தில், முடிந்து மூன்று வாரம் கழித்துக் கணக்கு விசாரித்தேன். நல்ல காரியத்தில் கணக்குக் கேட்கலாமா என்று பதில் வந்தது. கேட்டவன் மனசில்தான் அழுக்கு என்று தொனி.

கவிதையில் இருந்திருக்க வேண்டிய மௌனம் கணக்கில் இருக்கிறது. கணக்கில் இருந்திருக்க வேண்டிய கறார் கவிதையில் இருக்கிறது. நான் சொல்ல வருவது இந்த இடமாற்றத்தைப் பற்றித்தான். கலையைக் கலையாகவே, முழு விலைக்கு, எதையும் கலக்காமல் விற்க வேண்டும். பணத்தை மளிகைக்கடைக்காரன் மாதிரி எண்ண வேண்டும். இந்த இரண்டும் ஒரே மாலையில் கூடி வருவது துர்லபம். உலகமே கொண்டாடும் ஒரு நிகழ்ச்சியில்கூடப் பாதிதான் கூடிவந்தது. அதைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க், மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பிற்பகல் ஒன்றும் இரவு ஒன்றுமாக இரண்டு கச்சேரிகள் நடந்தன. ரவிசங்கர் தன் நண்பர் ஜார்ஜ் ஹாரிசனிடம் போய்க் கேட்டதில் விளைந்தவை. மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் தொடங்கிய வேட்டையிலிருந்து தப்பி இந்திய எல்லைக்குள் வந்தவர்கள் கடைசியில் ஒரு கோடியைத் தொட்டார்கள். கல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் கிடந்த பெரிய கழிவுநீர்க் குழாய்களுக்குள் குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்களுக்காகத்தான் கச்சேரி. பாப் டிலன், எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார் எல்லாரும் பின்னால் வந்தார்கள். முதலில் மேடையேறியது ரவிசங்கரும் அலி அக்பர் கானும் அல்லா ரக்காவும். சுருதி சேர்த்து முடிந்ததும் சபை கைதட்டிய கதையும், சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பும் பிடிக்கும் என்று ரவிசங்கர் சொன்னதும் எல்லாருக்கும் தெரியும். அது சிரிப்பதற்கு. நான் கவனிக்கச் சொல்வது அதற்கு அடுத்ததை.

நாங்கள் கலைஞர்கள், அரசியல் பேச வரவில்லை, வங்கத்தின் வேதனையை இசை வழியாக நீங்கள் உணர வேண்டும் என்கிற தோரணையில் ரவிசங்கர் ஒரு முகவுரை சொன்னார். அது நம் மண்டபத்து முகவுரையேதான். எந்தத் தலைவரும் சொல்லக்கூடியது. ஆனால் வாசித்தது என்ன? வங்க நாட்டுப்புற மெட்டில் ஒரு துன். ஆறு மாத்திரை தாத்ராவில் தொடங்கிப் பதினாறு மாத்திரை தீன்தாலுக்குப் போவது. சிதாரும் சரோதும் ஒன்றையொன்று துரத்தி, வேகம் பிடித்து முடிவது. அதில் ஓலம் கிடையாது. குழந்தையின் சவம் கிடையாது. அலி அக்பர் கான் பிறந்த ஊரே அந்தக் கிழக்கு வங்கத்தில்தான். அவர் அழுதுகாட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அழவில்லை. எரிந்துகொண்டிருந்த கிராமங்களில் ஜனங்கள் எதைப் பாடிக்கொண்டிருந்தார்களோ அதை, அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை, வாசித்துக் காட்டினார். முகவுரை கேட்டது இரக்கத்தை. சங்கீதம் கொடுத்தது மரியாதையை. படம் இருக்கிறது, இசைத்தட்டு இருக்கிறது. யாரும் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, தலைப்பு. வங்காள தேசத்துக்கான கச்சேரி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அப்போது அமெரிக்க அரசாங்கத்தைப் பொறுத்தவரை அப்படியொரு தேசம் இல்லை. நிக்ஸனும் கிஸ்ஸிஞ்சரும் பாகிஸ்தான் பக்கம். டாக்காவில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட், நடப்பது படுகொலை, நம் அரசாங்கம் வாய் திறக்கவில்லை என்று ஏப்ரலில் தந்தியடித்ததற்காக அந்தப் பதவியை விட்டு மாற்றப்பட்டார். அமெரிக்கா அந்த தேசத்தை அங்கீகரித்தது 1972 ஏப்ரலில்தான். அதற்கு எட்டு மாசம் முன்னால், நியூயார்க்கின் நடுவில், கச்சேரிக்கு அந்தப் பெயரை வைத்தது ஒரு காரியம். பன்னிரண்டு கவிஞர்கள் ஒரு மாலை முழுக்க வாசித்துச் செய்ய முடியாததை ஒரு பெயர் செய்தது. பெயர் திட்டவட்டமானது. விடியல் என்பது எந்த ஊரின் பெயரும் அல்ல.

கலை இந்த அளவுக்குக் காப்பாற்றப்பட்ட இடத்தில் கணக்கு என்னவாயிற்று? டிக்கெட் விற்ற பணம் 2,43,418 டாலர், ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியான யூனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு கோடிப் பேருக்கு வகுத்தால் தலைக்கு இரண்டரை சென்ட். அந்நாளைய நம் காசில் இருபது பைசாவுக்குள். பெரிய பணம் இசைத்தட்டிலும் படத்திலும் இருந்தது. இசைத்தட்டுக் கம்பெனிகளுக்குள் பேரம் இழுத்தது. தட்டு அமெரிக்காவில் வெளிவந்தபோது 1971 டிசம்பர் பிற்பகுதி. டிசம்பர் 16ந்தேதியே டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் சரணடைந்துவிட்டது. போதாததற்கு, தர்ம காரியம் என்று முன்கூட்டியே பதிவுசெய்து வரிவிலக்கு வாங்கியிருக்கவில்லை. வருமானவரி இலாகா பிடித்துக்கொண்டது. லட்சக்கணக்கான டாலர்கள் எண்பதுகளின் தொடக்கம்வரை முடங்கிக் கிடந்தன. தட்டின் அட்டையில் காலித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது எலும்பும் தோலுமான ஒரு குழந்தை. அந்தக் குழந்தை காத்திருந்தது ஒரு விண்ணப்பப் படிவத்துக்காக. யாரும் திருடவில்லை. யாரும் கெட்டவர் இல்லை. குமாஸ்தா வேலையை யாரோ ஒருவர் நேரத்தில் செய்யவில்லை, அவ்வளவுதான். இரக்கம் நிறைந்திருக்கும் இடத்தில் குமாஸ்தாவை யாரும் நினைத்துக்கொள்வதில்லை.

அதே வருஷம், அதே அகதிகள், வேறொரு காட்சி. எல்லை ஓரத்தில் பங்கான் என்ற ஊர். முகாம்களில் காலரா. திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் அங்கே போனபோது ஆஸ்பத்திரித் தரையில் நோயாளிகள் கிடந்தார்கள். நரம்பில் ஏற்ற வேண்டிய திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. அவர் குளுக்கோஸும் சாப்பாட்டு உப்பும் சமையல் சோடாவும் கலந்து பொட்டலம் போடச் செய்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சோடா. டிரம்மில் கரைத்து, நோயாளியின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்கவைத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு, அவர் பார்வையில் இருந்தவர்களிடையே 3.6 சதவீதமாக இறங்கியது. இன்று எல்லா மருந்துக் கடையிலும் நாம் வாங்குகிற உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தின் பெரிய பரீட்சை அங்கேதான் நடந்தது. மஹலனாபிஸ் 2022ல் இறந்தார். அதற்கு அடுத்த வருஷம் பத்மவிபூஷண் வந்தது. அந்த மூன்றரை கிராமில் எனக்குத் தெரிகிற கவித்துவம் நம் மேடைகளில் தெரிவதில்லை. நான்கு கிராம் போட்டால் என்ன என்று கேட்க முடியாத இடம் அது. சொல்லிலும் அப்படி ஒரு இடம் உண்டு என்று நம்பித்தானே நாமெல்லாம் எழுத வந்தோம்?

அந்த அகதிகளுக்கு நாமும் கொடுத்தோம், உண்டியலோ பொன்னாடையோ இல்லாமல். 1971 நவம்பரிலிருந்து 1973 மார்ச் வரை கடிதங்களில் ஐந்து பைசா அகதி நிவாரண ஸ்டாம்பு ஒன்று அதிகம் ஒட்டியாக வேண்டும் என்று இந்திய அரசு விதித்தது. தனி ஸ்டாம்பு அச்சாகி வரும்வரை, குடும்பக் கட்டுப்பாடு ஸ்டாம்பின் மேலேயே அகதி நிவாரணம் என்று அடித்துக் கொடுத்தார்கள். கசடதபற காலத்து எழுத்தாளர்கள் ஒருவரையொருவர் வைது எழுதிய கடிதங்களின் உறைகளிலும் அது இருந்திருக்கும். மனம் உருகியா ஒட்டினார்கள்? திட்டிக்கொண்டே எச்சில் தொட்டு ஒட்டியிருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு ஐந்து பைசாவும் எண்ணப்பட்டது. இரக்கம் இல்லாமலும் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அரசாங்கம் விதித்தால் ஒட்டுவான், மண்டபத்தில் அழவைக்காவிட்டால் எவன் கொடுப்பான் என்று நிதி திரட்டுபவர்கள் திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு பதில் 1939 ஜனவரியில், லண்டனின் கிழக்குப் பகுதியில், வைட்சாப்பல் காலரியில் இருக்கிறது. பிக்காஸோவின் குவெர்னிகா அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது. ஏழைத் தொழிலாளிகளும் யூதத் தையற்காரர்களும் குடியிருந்த வட்டாரம். பார்க்க வருபவர்கள், ஸ்பெயின் குடியரசுக்காகப் போராடுபவர்களுக்கு அனுப்ப ஒரு ஜோடி பூட்ஸ் கொண்டுவரலாம் என்று ஏற்பாடு. படத்தின் அடியில் பூட்ஸ்கள் வரிசையாகக் குவிந்தன. அந்தப் படம் யாருக்கும் எதையும் சுலபமாக்கிக் கொடுக்கிற படமா? எது குதிரை, எது மனுஷன் என்று நின்று தேட வேண்டியிருக்கிறது. கலர் கிடையாது. குண்டு போட்ட விமானம்கூட அதில் இல்லை. அதன் முன் நின்றவர்கள் படம் விளங்கவில்லை என்று பூட்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை. சில மாசம் கழித்து, குடியரசு தோற்றபின், அதே படம் அமெரிக்காவுக்குப் போய் ஸ்பானிய அகதிகளுக்காக நிதி திரட்டிற்று. ஜனங்களுக்குப் புரியாது, ஆகவே தண்ணீர் கலக்கிறோம் என்று சொல்பவர்கள் ஜனங்களை அவமானப்படுத்துகிறார்கள். பூட்ஸ் கொண்டுவந்த தொழிலாளியின் மேல் எனக்கு இருக்கும் மரியாதை இவர்களுக்கு இல்லை.

நம்மிடமும் உதாரணம் இல்லாமல் இல்லை. எம். எஸ். சுப்புலக்ஷ்மி வாழ்நாள் முழுக்க நிதிக் கச்சேரி செய்தவர். 1974ல் மகஸேஸே விருது அந்தப் பொதுச் சேவைக்காகவே வந்தது. ஆஸ்பத்திரிக்கு நிதி என்றால் வியாதியைப் பற்றியா கிருதி தேடினார்கள்? சபாவில் பாடுவது எதுவோ அதுதான் அங்கேயும். சங்கீதக்காரர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. காம்போதியைக் காம்போதியாகப் பாடினால்தான் டிக்கெட்டுக்கு மதிப்பு என்று அவர்களுக்குத் தெரியும். கவிஞனுக்கு மட்டும் தன் சரக்கில் நம்பிக்கை இல்லை. சந்தர்ப்பத்தின் கனத்தைக் கடன் வாங்கித் தன் வரியை நிறுத்தப் பார்க்கிறான். நூறு பேர் செத்ததைச் சொன்னால் வரி கனத்துவிடும் என்று நினைக்கிறான். செத்தவர்கள் வரிக்கு முட்டுக் கொடுக்கிறார்கள்.

கலையும் கணக்கும் போக மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. நிதி மாலைகளில் யாரும் பேசாதது. வாசல். போரில் பட்டினி மழை பொய்த்ததால் வருவதில்லை. சாலையைப் பிடித்து வைத்திருப்பவன் கொண்டுவருவது. 1985 ஜூலை 13ல் லண்டனிலும் பிலடெல்பியாவிலும் நடந்த பெருங்கச்சேரியை உலகம் டெலிவிஷனில் பார்த்தது. எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக. பஞ்சம் மிகக் கொடூரமாக இருந்த திக்ராயும் எரித்திரியாவும் அரசாங்கம் உள்நாட்டுப் போர் நடத்திக்கொண்டிருந்த பகுதிகள். மெங்கிஸ்து அரசாங்கம் வடக்கத்தி ஜனங்களை வலுக்கட்டாயமாகத் தெற்கே குடியேற்றிக்கொண்டிருந்தது. நிவாரணமே அவர்களைத் திரட்டும் தூண்டில் ஆகிறது என்று வெளிப்படையாகச் சொன்ன பிரெஞ்சு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அந்த வருஷக் கடைசியிலேயே நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. மேடையில் பாடிய எவரும் மெங்கிஸ்துவின் பெயரைப் பாட்டில் வைக்க வேண்டாம். ஆனால் பணம் கொடுத்தவனுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டாமா?

நமக்கு இது இரவல் விஷயம் அல்ல. 2009ல் ஐரோப்பாவில் வாழும் ஈழத்தமிழர்கள் உணவும் மருந்துமாக 800 டன்னுக்கு மேல் சேர்த்து, வணங்காமண் என்று பெயரிட்டு, கேப்டன் அலி என்ற கப்பலில் வன்னி ஜனங்களுக்கு அனுப்பினார்கள். கோயில்களிலும் கடைகளிலும் வீடு வீடாகவும் சேர்ந்தது. கப்பல் மே மாசம் பிரான்ஸிலிருந்து புறப்பட்டது. அந்த மே மாசமே முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. ஜூன் தொடக்கத்தில் இலங்கைக் கடற்படை கப்பலை மறித்துச் சோதித்து, ஆயுதம் எதுவும் கிடைக்காமல், திருப்பி அனுப்பியது. கப்பல் சென்னைக்கு வந்து நின்றது. பிறகு சரக்கு வேறு கப்பலில் கொழும்புக்குப் போயிற்று. போய், அங்கே துறைமுகத்தில் மாசக்கணக்கில் கிடந்தது. அப்போது சுமார் 2,80,000 பேர் முட்கம்பிக்குள், மெனிக் ஃபார்மிலும் மற்ற முகாம்களிலும் இருந்தார்கள். ஒரு மாவு மூட்டைக்கும் ஒரு வாய்க்கும் இடையில் இருந்தது கடல் அல்ல, கையெழுத்து.

அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். போர்ப் பகுதியில் சிக்கியிருந்த ஜனங்களின் தொகையை அரசாங்கம் வேண்டுமென்றே குறைத்துக் காட்டி, உணவையும் மருந்தையும் அந்தக் குறைந்த தொகைக்கே அளந்தது என்றும், தப்பிப் போக முயன்றவர்களைப் புலிகள் தடுத்துச் சுட்டார்கள் என்றும் ஐ.நா. செயலரின் நிபுணர் குழு 2011ல் எழுதியது. இரண்டு வாசல், இரண்டும் மூடியிருந்தன. 2009ன் தொடக்கத்தில் இங்கே மேடையில் வாசிக்கப்பட்ட கவிதைகளை எடுத்துப் பாருங்கள். முதல் வாசலைப் பற்றி வசை உண்டு, விவரம் இல்லை. இரண்டாவது வாசலைப் பற்றி மூச்சே கிடையாது. தலைத்தொகையைக் குறைத்துச் சொல்வதன் மூலம் ஜனங்களைப் பட்டினி போடலாம் என்ற பயங்கரத்தை, எண் என்பதே ஆயுதமாகிவிட்ட அந்தப் பயங்கரத்தை, எந்தக் கவிஞனும் தொடவில்லை. கழுகு வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் நம் வட்டத்தின் சுத்தக்காரர்கள் திருப்தியோடு தலையாட்டுவார்கள். நாங்கள் அப்போதே இந்த மேடைகளில் ஏறவில்லையே என்பார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏறாதது உங்கள் கவிதையைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் மேடைக்கு வெளியே நின்று நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது தெரியவில்லை. மேடைக் கவிதையின் போலித்தனத்தைச் சுட்டிக்காட்டுவதே தன் கடமை முடிந்ததற்கு ரசீது என்று நினைப்பவனும், கண் கலங்கியதே ரசீது என்று நினைப்பவனும் ஒரே கடையில் வாங்குகிறவர்கள். ருசி ஒருத்தனை எதிலிருந்தும் விடுவிப்பதில்லை. நல்ல கவிதையை ரசிக்கத் தெரிந்தவன் என்பதற்காக அகதி அவனிடம் குறைவாகக் கேட்கப்போவதில்லை. இவர்கள் மறுத்த இடத்தில்தான் மற்றவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நல்ல கவிஞன் தன் நல்ல கவிதையோடு வரமாட்டேன் என்றால், கூட்டம் நடத்துபவர் யாரைக் கூப்பிடுவார்?

ஆகவே கூட்டம் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. வேறு மாதிரி நடத்தலாம் என்பது. 2023 ஏப்ரலில் சூடானில் போர் தொடங்கியபின், கார்ட்டூமிலும் டார்ஃபூரிலும் அந்தந்தத் தெருக்காரர்களே பொதுச் சமையற்கூடங்கள் நடத்தினார்கள். வெளிநாட்டுச் சூடானியர் போன் வழியாக அனுப்பிய பணத்தில் பெரிய அண்டாக்களில் பருப்பு வெந்தது. 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டபோது நூற்றுக்கணக்கான கூடங்கள் மூட வேண்டி வந்தது. அங்கே கணக்கு என்பது அண்டா. இத்தனை மூட்டை பருப்பு, இத்தனை அண்டா, இத்தனை பேர், இத்தனை நாள். அனுப்பியவனுக்குப் போய்ச் சேர்ந்தது தெரியும். போகாவிட்டால் எந்தச் சாவடியில் நின்றது, அங்கே துப்பாக்கியோடு நிற்பவன் எந்தக் கட்சி என்பதும் தெரியும். ஒரு நிதி மாலையில் வாசிக்கத் தகுந்த உரைநடை அதுதான்.

நம் மாலையில் டிக்கெட் போடட்டும். கறாரான விலை வைக்கட்டும். அழைக்கப்பட்ட கவிஞர்கள் தங்கள் கவிதைகளில் ஆகச் சிறந்தது எதுவோ அதை வாசிக்கட்டும். அது கிணற்றைப் பற்றியதாக இருக்கலாம், மாமனாரைப் பற்றியதாக இருக்கலாம், மத்தியான வெயிலைப் பற்றியதாக இருக்கலாம். போரைப் பற்றி உண்மையாகவே ஒருவன் எழுதியிருந்தால் அதுவும் வரட்டும். ஆனால் அது இந்த மாலைக்கு முன்பே, கேட்பாரில்லாமல் எழுதப்பட்டதாக இருக்கட்டும். கவிதைக்கும் கவிதைக்கும் நடுவில் கவிஞர் அல்லாத ஒருவர், ஒரு டாக்டரோ கணக்குப் பிள்ளையோ அந்த ஊர்க்காரரோ, எழுந்து வாசல்களின் நிலவரத்தைச் சொல்லட்டும்: எது திறந்திருக்கிறது, எதை யார் மூடினார்கள், இந்தப் பணம் எந்த வழியாகப் போகப்போகிறது. கைதட்ட வேண்டியதில்லை. பேனரில் குழந்தை வேண்டாம். அந்தக் குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. வரவு செலவைப் பதினைந்து நாளைக்குள் அச்சில் போடட்டும், மைக்செட் வாடகை உட்பட. இந்தப் பத்திரிகை அதற்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்று ஆசிரியரைப் பகிரங்கமாகவே கேட்கிறேன். நாம் வெளியிட்ட பக்கங்களிலெல்லாம் சந்தேகமில்லாமல் உபயோகமான பக்கமாக அது இருக்கும்.

வந்தவன் உறுத்தலோடுதான் திரும்பிப் போவான். போகட்டும். அந்த உறுத்தலுக்கு அவனே பெயர் தேடிக்கொள்ளட்டும். ஒரு வாரம் கழித்து அது அவனை எங்கே கொண்டு நிறுத்தும் என்று நமக்குத் தெரியாது. இன்னொரு தரம் பணம் அனுப்பலாம், தன் எம்.பி.க்குக் கடிதம் எழுதலாம். தன் வீட்டுத் திண்ணையில் ஒரு அகதிக்கு இடம் கொடுக்கலாம். ஒன்றும் செய்யாமலும் போகலாம். அதைத் தீர்மானிக்கிற உரிமை அவனுடையது. கண்ணீரை வரவழைத்து அதைப் பறித்துக்கொள்ள எந்தக் கவிஞனுக்கும் அதிகாரம் இல்லை.

அடுத்த மாலைக்கு என்னைக் கூப்பிட நினைக்கும் நண்பர்கள் கூப்பிடலாம். வருகிறேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறேன். பதினாறாம் நாள் கணக்குத் தாள் வரவில்லையென்றால், கேட்டு ஒரு கார்டு எழுதுவேன்.